புளியில் ஊறிய பில்லை

நாய்க்குப் புத்தி சொல்லிக் கொடுக்கப் போகிறவனுக்கு முதலில் சொந்தமாகக் கொஞ்சம் புத்தி வேண்டும். நான் படித்த நாய்ப் புத்தகம் இதைச் சொல்லவில்லை. ஒருவேளை முதல் பன்னிரண்டு பக்கங்களில் சொல்லியிருக்கலாம். மூர் மார்க்கெட்டில் எனக்குக் கிடைத்த பழைய பிரதியில் அந்தப் பன்னிரண்டு பக்கங்கள் இல்லை, அட்டையும் இல்லை. ஆகவே நாய் வளர்க்கும் கலையை நான் பதின்மூன்றாம் பக்கத்திலிருந்து கற்றவன். இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னைத் திட்டுவீர்கள் என்று தெரியும். வீட்டில் எல்லாரும் திட்டி முடித்தாகிவிட்டது, நானும் என்னைத் திட்டிக்கொண்டாகிவிட்டது. உங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன்.

வெள்ளைக்காரன் காலம். எனக்கு இருபத்து நான்கு வயது. ராயபுரத்தில், ஹார்பருக்குப் போகும் சாலையில், சீமைக்குத் தோல் அனுப்பும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. குமாஸ்தா என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தோல் கட்டுகளில் ஒட்டும் சீட்டில் ஊர்ப் பெயரை அழகான கையெழுத்தில் எழுதுவதுதான் வேலை. ஒரு நாளைக்கு நூறு தடவை லண்டன், லண்டன் என்று எழுதிவிட்டு, சாயங்காலம் தோல் நாற்றத்தோடு வீட்டுக்கு நடந்து வருவேன். (நாற்றம் எனக்குத் தெரியாது. எதிரே வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.)

வீடு, கம்பெனிக் கிடங்கிலிருந்து ஐந்து நிமிஷ நடை, மீன்பிடிக்கிறவர்கள் தெருவை ஒட்டினாற்போல. கல்யாணமான ஆறாவது மாதம் என் மனைவி சொர்ணத்தைத் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து அழைத்து வந்து அங்கே குடிவைத்தேன். ஊரில் அவள் வாய் ஓயாமல் பேசுகிற பெண். இங்கே வந்த புதிதில் குழாயடியில், "தண்ணி எப்பம் வரும்?" என்று கேட்டிருக்கிறாள். குழாயடி மொத்தமும் அந்த "எப்பம்"மைத் திருப்பித் திருப்பிச் சொல்லிச் சிரித்ததாம். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, அந்தத் தெரு எதற்கும் சிரிக்கும். ஆனால் சொர்ணம் அன்றோடு வெளியில் வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டாள். நான் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவேன். வந்ததும் என்னமோ நானே கப்பலில் லண்டன் போய்த் திரும்பினவன் மாதிரி படுத்துவிடுவேன்.

அப்போதுதான் செவலை வந்தது. ஒரு காது மடிந்த, செம்மண் நிறத் தெருநாய். சொர்ணம் வாசல்படியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தது. மீன் தலை ஒன்றைப் போட்டாள். மறுநாளும் வந்தது. அவள் அதனிடம் பேச ஆரம்பித்தாள். அவள் அம்மா, அவர்கள் வீட்டுக் கிணறு, கப்பலில் இலங்கைக்குப் போன அண்ணன், எல்லாம் அதற்குச் சொன்னாள். அது நல்ல காதையும் மடிந்த காதையும் சேர்த்து நிமிர்த்திக் கேட்கும். ராயபுரத்தில் அவள் பேச்சுக்குச் சிரிக்காத ஒரே ஜீவன் அது. இதை இப்போது இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். அப்போது எனக்கு இது தெரியாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பொறுப்பு. நாயை வளர்த்தால் முறைப்படி வளர்க்க வேண்டும் என்று பதின்மூன்றாம் பக்கம் சொன்னது. விண்ணப்பம் எழுதி லைசென்ஸ் வாங்கினேன். எண் பொறித்த ஒரு பித்தளைப் பில்லை கொடுத்தார்கள். அதைத் தோல் வாரில் கோத்துச் செவலையின் கழுத்தில் கட்டினேன். (வாருக்கு மட்டும் எனக்குப் பஞ்சமே கிடையாது.) அந்தக் காலத்தில் பில்லை இல்லாத நாய்களைப் பிடிக்க, மாட்டு வண்டியில் கூண்டு வைத்துக்கொண்டு, சுருக்குக் கயிறோடு ஆட்கள் வருவார்கள். பிடிபட்ட நாய் புளியந்தோப்புப் பக்கம் இருந்த பட்டிக்குப் போகும். அன்று மாலை நான்கு மணிக்குள் சொந்தக்காரன் நேரில் போய் மீட்காவிட்டால் கொன்றுவிடுவார்கள். எங்கள் தெரு நாய்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த வண்டிச் சக்கரத்தின் சத்தம் கேட்டதுமே கடற்கரைக்கு ஓடிக் கட்டுமரங்களுக்கு அடியில் புகுந்துவிடும். என் நாய் அப்படித் திருடனைப் போல ஓட வேண்டியதில்லை என்று நான் பெருமைப்பட்டேன்.

லைசென்ஸ் ஆனதும் படிப்பு. எங்கள் மானேஜர் துரையிடம் ஒரு சீமை நாய் இருந்தது. அவர் "சிட்" என்றால் உட்காரும். "ஸ்டே" என்றால், அவர் திரும்பி வந்து "ஆல் ரைட்" சொல்லும்வரை அசையாது. அந்த நாயைப் பார்த்து நான் சொக்கிப்போனேன். உண்மையைச் சொன்னால், நாயைப் பார்த்து அல்ல, அப்படி ஒரு வார்த்தையில் ஓர் உயிரை உட்கார வைக்கிற துரையைப் பார்த்துத்தான். என் பேச்சைக் கேட்டு அதுவரை எதுவும் உட்கார்ந்ததில்லை.

முதல் நாள் வாசலில் நின்று அடிவயிற்றிலிருந்து ஒரு "சிட்" கொடுத்தேன். தெருவில் உப்பு விற்றுக்கொண்டு போனவர் பதறி உட்கார்ந்துவிட்டார். செவலை உட்காரவில்லை. நாய் எஜமானனுக்கு இடப்பக்கமாக நடக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அதை எழுதியவர் எங்கள் தெருவைப் பார்த்ததில்லை. போகும்போது இடப்பக்கம் சாக்கடை, ஆகவே நாய் சாக்கடையில் நடந்தது. திரும்பும்போது சாக்கடை வலப்பக்கம் வந்துவிட்டதால் நான் நடந்தேன். சொன்னபடி செய்தால் பிஸ்கோத்து கொடு என்று இன்னொரு பக்கம் சொன்னது. பிஸ்கோத்துக்கு எங்கே போவது, நெத்திலிக் கருவாடு கொடுத்தேன். அதற்குப் பிறகு படிப்பு நன்றாக ஏறியது.

"அது பாட்டுக்குக் கெடக்கட்டுமே. எதுக்கு அதப் போட்டு இந்தப் பாடு படுத்துதிய?" என்றாள் சொர்ணம்.

"ஒழுக்கம் வேண்டாமா?" என்றேன்.

"அதுக்கு என்ன ஒழுக்கக் கேடு வந்துட்டு?"

நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் செவலை தேறிவிட்டது. பரீட்சை வைத்தவள் மீன் விற்கும் அஞ்சலை. எதிர்வீட்டுக்காரி, எங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவள், தெருவில் எல்லா ஆண்களும் அவளுக்கு நைனாதான். வஞ்சிர மீன் கூடையை அவள் செவலையின் மூக்கடியில் வைத்தாள். நான் "ஸ்டே" என்றேன். அவள் வெற்றிலை போட்டு முடிக்கிறவரை செவலை எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தது.

"இன்னா நைனா இது, மீனப் பாத்துகினே குந்திகினு கீது. நாயா, சாமியாரா?" என்றாள் அஞ்சலை. அப்புறம் கூடையை எடுத்துக்கொண்டு, "நாயின்னா ஆளப் பாத்தா ஓடணும் நைனா. வண்டி வந்தா இது இன்னா பண்ணும்?" என்று கேட்டாள்.

"அதற்குத்தான் பில்லை இருக்கிறதே" என்று நான் செவலையின் கழுத்தைக் காட்டினேன்.

கடைசிப் பாடம் ஒன்று பாக்கி இருந்தது. கட்டளை கொடுத்தவன் மட்டுமே நாயை விடுவிக்க வேண்டும், வேறு யார் சொன்னாலும் அது எழுந்திருக்கக் கூடாது என்றது புத்தகம். இதற்குச் சொர்ணத்தைப் பிடித்தேன். நான் செவலையை உட்கார வைத்துவிட்டு மறைந்துகொள்வேன். அவள் எதிரே நின்று, "செவல, வாடா, உள்ள வா" என்று கூப்பிட வேண்டும். "ஆல் ரைட்டு" என்றும் சொல்ல வேண்டும். அது எழுந்திருக்காமல் இருந்தால் நான் வந்து கருவாடு கொடுப்பேன். முதல் வாரம் அவள் கூப்பிட்டதும் துள்ளிக்கொண்டு ஓடியது. அதற்குக் கருவாடு கிடையாது என்று ஆனதும் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டது. கடைசியில் அவள் எவ்வளவு கெஞ்சினாலும் வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு இடத்திலேயே இருந்தது. அவளுக்கு அது ஒரு விளையாட்டு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளை நான் அப்படிச் சிரிக்க வைத்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

இந்தப் பெருமையை நான் அடக்கி வைத்திருக்கலாம். தெருநாய்கள் கிடங்குக்குள் புகுந்து தோலைக் கடித்துப் பாழாக்குகின்றன என்று துரை ஒருநாள் கத்திக்கொண்டிருந்தபோது, நான் குறுக்கே போய், என்னிடம் உள்ள நாயைத் தோல் கட்டின்மேலேயே உட்கார வைத்தாலும் மோந்துகூடப் பார்க்காது என்று சொல்லிவிட்டேன். துரை என்னை முதல் முறையாகப் பார்த்தார். (இரண்டு வருஷமாகத் தினமும் என் மேஜையைத் தாண்டித்தான் தம் அறைக்குப் போகிறார்.) "சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கொண்டு வா, பார்க்கலாம்" என்றார். கிடங்குக் காவலுக்கு ஒரு நாய் வேண்டும், அதைப் பழக்க ஓர் ஆளும் வேண்டும் என்று தலைமைக் குமாஸ்தா காதோடு சொன்னார். நான் அன்று வீட்டுக்கு நடந்து வந்ததாகவே ஞாபகமில்லை.

சனிக்கிழமை காலையில் செவலையைச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினேன். பில்லை கறுத்துக் கிடந்தது. துரை பார்க்கும்போது அது பளபளக்க வேண்டாமா? வாரோடு கழற்றிப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டேன். ஒன்பது மணிக்கு நான் கிடங்கில் இருக்க வேண்டும். பத்தரைக்குத் துரையிடம் சொல்லிவிட்டு ஓடிவந்து, பில்லையைத் துலக்கிக் கட்டி, நாயை அழைத்துப் போவதாக ஏற்பாடு. அதற்குள் ஈர உடம்போடு மண்ணில் புரண்டுவிடப் போகிறதே என்று வாசல்படியில் உட்கார வைத்து, "ஸ்டே" என்றேன்.

"இத உள்ள கட்டிப்போட்டா என்ன?" என்றாள் சொர்ணம்.

"கட்டிப்போடுகிறவன் எதற்குப் பழக்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டு, தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். செவலை நான் விட்ட இடத்தில் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதுதான் நான் அதைக் கடைசியாகப் பார்த்தது.

வண்டி ஒன்பதரைக்கு வந்திருக்கிறது. தெரு நாய்களெல்லாம் கடற்கரைக்குப் பறந்தன. சொர்ணம் கதவிலிருந்து கூப்பிட்டாள். செவலை திரும்பிப் பார்த்து வாலை ஆட்டியது. "ஆல் ரைட்டு, ஆல் ரைட்டு" என்று கத்தினாள். அது இன்னும் வேகமாக வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தது, நான் கருவாட்டோடு மறைந்து நிற்கிறேன் என்று நினைத்திருக்கும். பிடித்து இழுக்கலாம் என்றால் கழுத்தில் வாரும் இல்லை, வண்டி வாசலுக்கே வந்துவிட்டது. அவள் பில்லையை எடுக்க உள்ளே ஓடினாள். புளித்தண்ணீர் சொட்டச் சொட்ட வாரைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் செவலை கூண்டுக்குள் இருந்தது. "கழுத்துல இல்லாத பில்ல பில்லையே இல்லம்மா. வூட்டுக்காரரு லைசென்ஸ் சீட்டோட பட்டிக்கு வரட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டிப் போய்விட்டார்கள்.

அஞ்சலை கிடங்குக்கு ஓடிவந்து இதையெல்லாம் மூச்சு வாங்கச் சொன்னபோது மணி பத்து. லைசென்ஸ் சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. துரையிடம் காட்டலாம் என்று எடுத்து வந்திருந்தேன். இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. புளியந்தோப்பு ஜட்கா வண்டியில் அரை மணி.

துரையிடம் சொல்லாமல் வாசலைத் தாண்டினால் வேலை போய்விடும் என்பது எங்கள் கம்பெனி வழக்கம். அவர் அறைக்கு ஓடினேன். வாசலில் டவாலிச் சேவகன் முனுசாமி கையை நீட்டி மறித்தான். "கப்பல்காரங்க வந்துகிறாங்க. துரை ஜோலியா கீறாரு. அப்பால பாக்கலாம். குந்து சார்."

உட்கார்ந்தேன். பெஞ்சு ஒன்று இருந்தது, அதன் ஓரத்தில். பதினொரு மணிக்குத் துரை ஒரு காகிதத்தோடு வெளியே வந்தார். நான் எழுந்து நின்று, "சார்" என்றேன். காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே "வெயிட்" என்றார். கதவு சாத்திக்கொண்டது. நான் மறுபடி உட்கார்ந்தேன்.

பன்னிரண்டரைக்கு அஞ்சலை திரும்ப வந்தாள். பட்டிவரைக்கும் போய் வந்திருக்கிறாள், காலெல்லாம் புழுதி. "அந்தப் பொண்ண நான்தான் இட்டுகினு போனேன். கம்பியாண்ட நின்னுகினு கீது. சொந்தக்காரன் வந்தாத்தான் வுடுவாங்களாம். நீ இன்னும் இங்கியே குந்திகினு கீறியா?"

"துரை காத்திருக்கச் சொன்னார்."

அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் வாயில் வசைக்குக் குறைவே கிடையாது. அன்று "உன் நாயும் இப்டித்தான் நைனா குந்திகினு இருந்திச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போதாவது எழுந்திருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை மனசுக்குள் எழுந்திருக்கிறேன். முனுசாமியைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன். துரையின் கதவை உதைத்துத் திறந்திருக்கிறேன். அன்று மட்டும் எழுந்திருக்கவில்லை. கால் மரத்துப்போயிற்று என்று பொய் சொல்லலாம். கால் நன்றாகத்தான் இருந்தது.

நான்கு மணிக்குக் கால் மணி இருக்கும்போது கதவு திறந்தது. துரை நல்ல மனநிலையில் இருந்தார். "உன் நாய் எங்கே?" என்று கேட்டார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். லண்டன் என்று எழுதுகிற இங்கிலீஷ் அதற்குப் போதவில்லை. ஆனாலும் அவருக்குப் புரிந்தது. முகம் சிவந்துவிட்டது.

"காலையிலிருந்து இங்கேயா இருந்தாய்? ஏன் போகவில்லை?"

"தாங்கள் வெயிட் என்றீர்கள், சார்."

துரை என்னைப் பார்த்த பார்வையை நான் முன்பு எங்கேயோ பார்த்திருக்கிறேன். அவர் தம் நாயை அப்படித்தான் பார்ப்பார். ஆனால் அதன்மேல் அவருக்கு மரியாதை உண்டு. தம் கோச்சு வண்டியையே எனக்குக் கொடுத்தார். வாழ்நாளில் அந்த ஒரே தடவை நான் கோச்சில் போனேன்.

பட்டியை அடைந்தபோது நான்கு அடித்துக் கால் மணி ஆகியிருந்தது. வாசலில் சொர்ணம் தரையில் உட்கார்ந்திருந்தாள், கையில் வார், பில்லை. உள்ளிருந்து வந்த ஆள் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. "ஒரு கால் மணி முன்னாடி வந்திருக்கக் கூடாதா சார்? அல்லாம் கத்துது, கம்பியக் கடிக்குது, அது ஒண்ணுதான் சத்தமே போடல. கதவப் பாத்துகினே குந்திகினு இருந்திச்சி. யாரு சார் பழக்குனது?"

என் படிப்புக்கு வெளியாள் கொடுத்த நற்சாட்சி அது ஒன்றுதான்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சொர்ணம் அழவில்லை, திட்டவும் இல்லை. கோச்சில் திரும்பி வரும்போது, "நான் கூப்பிட்டேன். என்னயப் பாத்துச்சு. வரல" என்றாள். அவ்வளவுதான். அவள் பேச்சைக் கேட்க அந்த ஊரில் ஒரே ஓர் உயிர் இருந்தது. அவள் பேச்சைக் கேட்காதே என்று கருவாடு கொடுத்து அதற்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். திருடன் போல ஓடிய தெரு நாய்களெல்லாம் அன்று மாலை கட்டுமரத்தடியிலிருந்து சாவகாசமாக எழுந்து வந்து, அஞ்சலை வீசிய மீன் குடலைத் தின்றுகொண்டிருந்தன.

சொர்ணம் பல மாதம் பேசவில்லை. அஞ்சலைதான் தினமும் வியாபாரம் முடிந்ததும் வந்து எதிரே உட்கார்ந்துகொள்வாள். "உங்க ஊரு கிணறு எம்மாம் ஆழம் தங்கச்சி?" என்பது மாதிரி ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் வந்தது. அஞ்சலை ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. நாய் மட்டும் நாங்கள் அப்புறம் வளர்க்கவே இல்லை. பில்லையைச் சொர்ணம் சாவிக்கொத்தில் கோத்து வைத்துக்கொண்டாள். அன்று புளியில் ஊறியதால் தங்கம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, கதை தெரிந்து, கதை கேலியாகிவிட்டது. தபாலாபீஸில், ஆஸ்பத்திரியில், கல்யாணப் பந்தியில், எங்கே யார் உட்காரச் சொன்னாலும் நான் உட்கார்ந்துவிடுவேன், மறுபடி யாராவது சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன். "அப்பாவுக்கு யாராவது ஆல் ரைட் சொல்லுங்களேன்" என்று பிள்ளைகள் கத்துவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சொர்ணம் மட்டும் அந்த வார்த்தையை அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு வாயால் சொன்னதே இல்லை.

முப்பது வருஷம் கழித்து எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். துரைமார் போய், கம்பெனி கை மாறி, புது மானேஜர். கிடங்கு முற்றத்தில் நாற்காலி போட்டு, மாலை போட்டு, "உட்காருங்கள், முதலாளி இப்போது வந்துவிடுவார்" என்றார். உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று. முதலாளி வரவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். சாமந்தி வாடி மடியில் உதிர்ந்தது. நான் கேட்டையே பார்த்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, இடம் மாறாமல் உட்கார்ந்திருந்தேன்.

பெண்கள் பக்கம் இருந்த சொர்ணம் எழுந்து வந்து என் எதிரே நின்றாள். இடுப்பில் இருந்த சாவிக்கொத்தைக் கையால் பற்றிக்கொண்டாள்.

"ஆல் ரைட்டு" என்றாள்.

எழுந்துவிட்டேன். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு அவள் பின்னாலேயே நடந்தேன். மானேஜர் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே வந்தார், நான் திரும்பவில்லை. சாலையில் போகும்போது இரண்டு பேரும் அழுதுகொண்டே நடந்தோம். எதிரே வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

இப்போது அந்தக் கேலி பேரப்பிள்ளைகள் கைக்குப் போய்விட்டது. நான் எங்கேயாவது உட்கார்ந்துவிட்டால், "ஆச்சி, தாத்தாவுக்கு ஆல் ரைட் சொல்லு" என்று கத்துகிறார்கள். அவள் சொல்கிறாள், நான் எழுந்திருக்கிறேன், எல்லாரும் சிரிக்கிறார்கள். அவள் மட்டும் சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டே ஒரு தடவை வாசல்படியைப் பார்த்துக்கொள்வாள்.